அண்டி ஆபீஸைத் திறக்கவும் இல்லை, மூடிவிட்டதாகச் சொல்லவும் இல்லை: அம்மாவுக்கு இனி என்ன வழி?

கருங்கல் மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அம்மா கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பு எடுக்கிற ஆலையில், 20 வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறார். முதலில் தல்லு, அதாவது கொட்டையைத் தட்டி உடைக்கிற வேலை; அப்புறம் ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டுப் பட்டு விரலெல்லாம் வெந்து போனதால், பருப்பின் தோலை உரிக்கிற பீலிங்குக்கு மாற்றினார்கள். போன ஓணத்துக்கு முன்னால்தான் கடைசியாக வேலை நடந்தது. "அண்டி வரவில்லை, வந்ததும் ஆள் அனுப்புகிறோம்" என்று மேஸ்திரி சொன்னதோடு சரி. ஆறு மாசம் ஆகிறது. இடையில் பாய்லரையும் சில மெஷின்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்திருக்கிறார். முதலாளி ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஃபேக்டரியில் பங்கு போட்டிருக்கிறார், இனி அங்கேயே உடைத்து அங்கிருந்தே வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார், வெளிநாட்டு ஆர்டரெல்லாம் ஏற்கனவே வியட்நாமுக்குப் போய்விட்டது என்றெல்லாம் பேச்சு அடிபடுகிறது. ஆனால் கேட்டில் ஒரு நோட்டீஸ் கூட ஒட்டவில்லை. மூடிவிட்டோம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. அம்மாவும் கூட வேலை பார்த்தவர்களும் இன்றைக்குக் கூப்பிடுவார்கள், நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று வேறு வேலைக்கும் போகாமல் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். உண்மையிலேயே இந்தத் தொழில் இங்கிருந்து ஏன் போகிறது? திரும்பி வருமா? அம்மாவின் பி.எஃப், கிராஜுவிட்டி (பணிக்கொடை) எல்லாம் என்ன ஆகும்? இரண்டு மூன்று பேரை வீட்டில் வந்து பார்த்து, 10,000 ரூபாய் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார்களாம். போடலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலேயே என் அண்ணன், "நீங்கள் எல்லோரும் கூலி கூட்டிக் கேட்டீர்கள், அதனால்தான் முதலாளி போய்விட்டார்" என்று அம்மாவிடம் சொல்கிறான். அம்மா அதற்குப் பதில் சொல்வதில்லை. எனக்குத்தான் அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை.

மேல்புறத்தான் எழுதியது:

தங்கச்சி, நான் இந்தத் தொழிலில் அண்டி வாங்கும் பக்கத்தில் ரொம்ப காலம் இருந்தவன். தூத்துக்குடி, கொச்சி துறைமுகங்களில் மூட்டையைக் கிழித்து சாம்பிள் எடுத்து, வெட்டிப் பார்த்து விலை பேசுவதுதான் என் வேலை. 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு நல்ல பருப்பு விழும் என்பதுதான் எங்கள் கணக்கு. 48 பவுண்டு விழுந்தால் ஒரு விலை, 52 விழுந்தால் வேறு விலை. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், நம் மாவட்டத்து ஆபீஸ்கள் நம் ஊர்க் கொல்லா (முந்திரி) மரத்தை நம்பி ஓடவே இல்லை. இங்கே விளைகிற அண்டி மாசி பங்குனியில் தொடங்கி இரண்டு மூன்று மாசத்தோடு முடிந்துவிடும். வருஷம் முழுக்க ஆபீஸ் ஓடியது ஆப்பிரிக்காவில் இருந்து வரும் தோட்டண்டியால், அதாவது ஓட்டோடு வரும் கொட்டையால்தான். ஐவரி கோஸ்ட், கினி பிசாவ், பெனின், கானா பக்கமெல்லாம் பிப்ரவரியில் இருந்து ஜூன் வரை சீசன். தான்சானியா அக்டோபரில் தொடங்கும். அந்தச் சீசனிலேயே வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கிப் போட வேண்டும், அதற்கு பேங்கில் கோடிக்கணக்கில் கடன் எடுக்க வேண்டும். வாங்கிய பிறகு பருப்பு விலை இறங்கினால் முதலாளி மாட்டிக்கொள்வார். 2017ல் விலை தாறுமாறாக ஏறி 2018ல் சரிந்ததே, அப்போது கேரளத்துக் கொல்லத்திலும் இங்கேயும் பலர் விழுந்தது அப்படித்தான். பேங்க்காரர்கள் அதற்கப்புறம் அண்டிக்காரர் என்றாலே கை விரித்துவிட்டார்கள்.

அதே தோட்டண்டியைத்தான் வியட்நாமும் அதே ஆப்பிரிக்காவில் இருந்து வாங்குகிறது. இப்போது பக்கத்துக் கம்போடியாவில் இருந்தும் நிறைய எடுக்கிறார்கள். பருப்பு ஏற்றுமதியில் 2006லேயே அவர்கள் நம்மைத் தாண்டிவிட்டார்கள். இத்தனைக்கும் ஒரு காலத்தில் உலகச் சந்தை முழுக்க நம் கையில் இருந்த தொழில் இது. எப்படித் தாண்டினார்கள் என்றால், மெஷின். வேகவைத்த அண்டியை உடைப்பதற்கு ஒரு மெஷின், போர்மா என்கிற சூட்டு அறையில் காய்ந்து வந்த பருப்பின் தோலைக் காற்றடித்து உரிக்க ஒரு மெஷின், வெள்ளை எது, கருகல் எது, உடைசல் எது என்று கேமரா வைத்துப் பிரிக்க ஒரு மெஷின். ஆரம்பத்தில் மெஷினில் உடைசல் ரொம்ப விழும். அப்போது எங்கள் முதலாளிமார் எல்லாம், "நம் பெண்கள் கையால் உடைக்கிற மாதிரி முழுப் பருப்பு மெஷினில் வராது" என்று தைரியமாக இருந்தார்கள். அது உண்மையும்கூட. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300ல் இருந்து 320 முழுப் பருப்பு. முழுசுக்கும் பிளவுக்கும் விலை ரொம்ப வித்தியாசப்படும், ஆகவே லாபம் இருந்ததே தல்லுகிற கையில்தான். ஆனால் வியட்நாம்காரர்கள் அந்த மெஷினை அவர்கள் நாட்டிலேயே செய்து, வருஷா வருஷம் திருத்திக்கொண்டே வந்தார்கள். இங்கே அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் யாரும் பணம் போடவில்லை. கையால் வேலை வாங்குவது மலிவாக இருக்கிற வரைக்கும் மெஷின் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

அரசாங்கமும் ஒரு அடி கொடுத்தது. அதுவரை வரி இல்லாமல் வந்த தோட்டண்டிக்கு 2016 பட்ஜெட்டில் 5 சதவீத சுங்கவரி போட்டார்கள். மரம் வளர்க்கிற விவசாயிக்குப் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். நம் நாட்டில் விளைவது ஆலைகளின் தேவையில் பாதிக்குக்கூடப் போதாது, பிறகு யாரிடமிருந்து யாரைப் பாதுகாப்பது? கூச்சல் போட்ட பிறகு 2018ல் 2.5 ஆக்கினார்கள். அதற்குள் பாதி ஆபீஸ் படுத்துவிட்டது. 2019ல் வெளியே இருந்து பருப்பாக வருவதற்கு வரியை 45ல் இருந்து 70 சதவீதம் ஆக்கி, முழுப் பருப்பு கிலோ 720 ரூபாய்க்குக் கீழே இறக்குமதி ஆகக்கூடாது என்றும் உத்தரவு போட்டார்கள். அது உள்நாட்டுச் சந்தையை ஓரளவு காப்பாற்றியது, இன்றைக்கும் இங்கே ஓடுகிற ஆபீஸ்கள் பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தையை நம்பித்தான் ஓடுகின்றன. போன ஏற்றுமதி ஆர்டர் போனதுதான்.

ஆப்பிரிக்காவில் பங்கு போட்டார் என்பதும் நம்பக்கூடியதுதான். அங்கே உள்ள அரசாங்கங்கள், எங்கள் அண்டியை எங்கள் ஊரிலேயே உடையுங்கள் என்று நிற்கின்றன. பெனின் நாடு 2024 ஏப்ரலில் இருந்து ஓட்டோடு ஏற்றுமதி செய்வதையே தடை செய்துவிட்டது. ஆக முழுக்க முழுக்க வெளிநாட்டு அண்டியை நம்பிப் பெரிய ஆபீஸ் நடத்துவது இனி வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகத்தான் ஆகும். பழைய மாதிரி ஐந்நூறு அறுநூறு பேர் வரிசையாக உட்கார்ந்து தல்லுகிற ஆபீஸ் திரும்பி வரும் என்று அம்மாவிடம் சொல்லாதே. சின்ன யூனிட்டுகள் நிற்கும். பீலிங், கிரேடிங்குக்கு (தரம் பிரிப்பதற்கு) கொஞ்சம் ஆள் எடுப்பார்கள்.

வடசேரி வாசி எழுதியது:

மேல்புறத்தான் அண்ணன் சொன்னதில் எல்லாம் சரி, ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். கொல்லத்தில் கொடி பிடித்துப் பிடித்துத்தான் தொழிலை அழித்தார்கள். அங்கே 2015ல் கூலியைக் கூட்டினார்கள், வரிசையாக ஆலைகள் மூடின. நம் பக்கமும் போனஸ், டி.ஏ என்று வருஷா வருஷம் வாசலில் உட்கார்ந்தார்கள். முதலாளி லாபம் இல்லாமல் எவ்வளவு நாள் நடத்துவார்? கேட்பவருடைய அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தொழில் இருந்தால்தானே கூலி. வருத்தப்படுவதற்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இடைக்கோட்டுக்காரி எழுதியது:

வடசேரி அண்ணே, நீங்கள் சொன்னதை அப்படியே விட்டுவிட முடியாது. என் அம்மா, சித்தி, மைனி மூன்று பேரும் அண்டி ஆபீஸில் வேலை பார்த்துத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். கையில் விளக்கெண்ணெயும் சாம்பலும் தேய்த்துக்கொண்டு காலையில் உட்கார்ந்தால், குத்த வைத்த காலோடு சாயங்காலம் வரை. கிலோ கணக்குக்குத்தான் கூலி. பருப்பு உடைந்தால் அந்தக் கணக்கிலும் பிடித்தம். விரலில் பிடித்த கருப்பு கல்யாண வீட்டுக்குப் போகும்போதும் போகாது. அதில் கூட்டிக் கேட்ட தொகை எவ்வளவு என்று அந்தப் பெண்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சரி, கணக்குக்கே வருவோம். கூலிதான் காரணம் என்றால் தொழில் நம்மைவிடக் கூலி குறைந்த இடத்துக்குத்தானே போயிருக்க வேண்டும். வியட்நாமில் 2024 ஜூலையில் சட்டப்படி நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம், ரொம்ப பின்தங்கிய வட்டாரத்தில் 34.5 லட்சம் டாங், பெரிய நகரங்களில் 49.6 லட்சம் டாங். நம் பணத்தில் அது அன்றைய மதிப்புக்குச் சுமார் 11,500 ரூபாயும் 16,500 ரூபாயும். நம் ஊரில் எந்த அண்டி ஆபீஸில் தல்லுகிற அக்காவுக்கு மாசம் 11,500 முழுசாகக் கைக்கு வந்தது? மாசத்தில் பாதி நாள் வேலையே கிடையாது. ஆக நம்மைவிட அதிகச் சம்பளம் கொடுக்கிற நாட்டுக்குத்தான் தொழில் போயிருக்கிறது. அங்கே ஒரு ஆள் மெஷின் பக்கத்தில் நின்று இங்கே பல பேர் செய்வதைச் செய்கிறார், அதனால் சம்பளம் கொடுக்க முடிகிறது. இங்கே மெஷினில் போட வேண்டிய பணத்தைப் போடாமல் இருந்தது தல்லுகிற பெண்களா?

அப்புறம் கொல்லத்துக் கதையையும் முழுசாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்கு இந்த ஆபீஸ்கள் எப்படி வந்தன என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். கேரளத்தில் குறைந்தபட்ச கூலி, பி.எஃப், யூனியன் எல்லாம் வலுப்பெற்ற காலத்தில், அதைக் கொடுக்க மனசில்லாத முதலாளிமார் எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டி விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் கொண்டுவந்து போட்டார்கள். 1970களில் இது ரொம்ப நடந்தது. அங்கே ஒரு சட்டம், எல்லைக்கு இந்தப் பக்கம் குறைந்த கூலி. ரோட்டில் போனால் சில மணி நேரத் தூரம்தான். அப்போது கொல்லத்துப் பெண்கள் வேலை இழந்தார்கள், நம் அம்மாமார் வேலைக்குப் போனார்கள். நமக்குச் சோறு போட்டது அதுதான், அதை நான் மறக்கவில்லை. ஆனால் குறைந்த கூலிக்காக வந்த தொழில், குறைந்த கூலியே கேட்டுக்கொண்டிருந்தாலும் நிற்காது என்பதை இப்போது கண்ணால் பார்க்கிறோம். கேரள அரசு அங்கே 1969ல் முந்திரி வளர்ச்சிக் கழகம் தொடங்கி, 1974ல் சட்டம் போட்டு மூடிய ஆலைகளைக் கையகப்படுத்தியது, தொழிலாளிக்கு என்று தனி நல நிதியும் கொண்டுவந்தது. அந்தக் கழகம் நஷ்டத்தில் தத்தளிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஆலை மூடினால் அங்கே போய்க் கதவைத் தட்டவாவது ஓர் இடம் இருக்கிறது. நம் பெண்களுக்கு அப்படி என்ன இருக்கிறது? 2025 வேளாண் பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு முந்திரி வாரியம் என்று அறிவித்தார்கள். அதில் மரம் வைத்திருப்பவரோடு உடைக்கிற பெண்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்று, இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. 1990களில் மொசாம்பிக் நாட்டில் அண்டி உடைக்கிற ஆலைகள் இருந்தன, ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள், அதிலும் பெண்கள் நிறைய. ஓட்டோடு ஏற்றுமதி ஆகாமல் இருக்க அந்த நாடு வரி போட்டிருந்தது. உலக வங்கி, கடன் வேண்டுமானால் அந்த வரியைக் குறை என்று நெருக்கியது. குறைத்தார்கள். அண்டி முழுக்க ஓட்டோடு கப்பலேறியது, அங்கே ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. அந்தக் கப்பல்கள் வந்தது இந்தியாவுக்கு. என் மைனி தல்லிய அண்டியில் அதுவும் இருந்திருக்கும். அங்கே வேலை போன பெண்ணிடமும் யாராவது "நீ கூலி கூட்டிக் கேட்டாய்" என்று சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவளும் ஒன்றும் கூட்டிக் கேட்கவில்லை.

கருங்கல் மகளே, இதை உன் அண்ணனிடம் படித்துக் காட்டு.

ஸ்ரீபெரும்புதூரில் குமரிக்காரன் எழுதியது:

அண்டி பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் வியட்நாம் என்றதும் எழுதத் தோன்றியது. நோக்கியா ஆலை இங்கே 2006ல் தொடங்கியது, உலகத்திலேயே பெரிய போன் ஆலைகளில் ஒன்று என்று பேசினார்கள். நம் மாவட்டத்தில் இருந்தும் டிப்ளமோ, ஐ.டி.ஐ முடித்த பையன்களும் பெண்களும் பஸ் ஏறி வந்தார்கள். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்ததால் இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. ஆர்டர் நின்றது, 2014 நவம்பர் 1ஆம் தேதியோடு ஆலையும் நின்றது. அந்த வருஷமே மைக்ரோசாஃப்ட் போன் தயாரிப்பை வியட்நாமில் ஹனோய் பக்கத்து ஆலையில் குவித்தது. வேலை பார்த்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 25 வயசுகூட இருக்காது. யாரும் சோம்பேறி இல்லை, கூலி கேட்டு ஆலையை மூட வைத்ததும் இல்லை. நம் ஊர்க்காரர்களில் சிலர் ஓரகடம் பக்கம் கார் பார்ட்ஸ் கம்பெனிகளுக்குப் போனார்கள், சிலர் வளைகுடாவுக்கு, பெண்களில் நிறைய பேரை வீட்டில் கூப்பிட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், அந்த இடத்தைப் பிறகு சால்காம்ப் கம்பெனி எடுத்து சார்ஜர் செய்கிறது. இப்போது இந்த வட்டாரம் முழுக்க போன் வேலைதான், ஆளும் எடுக்கிறார்கள். தொழில் ஊருக்குத் திரும்பி வரலாம், ஆனால் போனவருக்கே திரும்பி வருவதில்லை. அன்றைக்கு 24 வயசில் வேலை போன பெண்ணுக்கு இன்றைக்கு 35 ஆகிறது. லைனில் நிற்க 18, 20 வயசுப் பிள்ளைகளைத்தான் தேடுகிறார்கள். உங்கள் அம்மா 50ஐத் தாண்டியவர் என்றால், அண்டி வருமா என்று காத்திருக்க வேண்டாம். சேர வேண்டிய பணத்தை வாங்கும் வழியை இன்றைக்கே பாருங்கள். நோக்கியாவில் வேலை பார்த்தவர்களுக்கு யூனியன் இருந்ததால் உட்கார்ந்து பேசி ஒரு தொகை வாங்க முடிந்தது. தனித்தனியாக யாரும் போகவில்லை. நீங்களும் தனியாகப் போகாதீர்கள்.

ஓய்வுபெற்ற கிளார்க் எழுதியது:

தொழிலாளர் துறை சம்பந்தப்பட்ட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். மகளே, சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று எல்லோரிடமும் இன்றைக்கே சொல். அந்தத் தாள் அநேகமாக "சொந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு விலகுகிறேன், எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது" என்றுதான் இருக்கும். ராஜினாமா செய்தவருக்கு ஆலை மூடலுக்கான இழப்பீடு கிடையாது. நோட்டீஸ் ஒட்டாமல் "அண்டி வரவில்லை" என்று இழுப்பதும் அதற்காகத்தான். மூடுவதாகச் சொன்னால் 60 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடம் என்றால். வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் இழப்பீடும் கொடுக்க வேண்டும். முன்பு 100 பேர் இருந்தாலே மூட அரசு அனுமதி வாங்க வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21ஆம் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகு அந்த வரம்பு 300 ஆகிவிட்டது, அதனால் பல அண்டி ஆபீஸ்களுக்கு அனுமதி தேவைப்படாது. அனுமதி வேண்டாம் என்பதற்காக இழப்பீடும் வேண்டாம் என்று ஆகாது, அதில் ஏமாறக்கூடாது.

கிராஜுவிட்டி இதற்குத் தனி. ஐந்து வருஷம் வேலை பார்த்திருந்தால் போதும், வருஷத்துக்கு 15 நாள் கூலி. கிலோ கணக்குக் கூலி வாங்குகிறவருக்கும் உண்டு, கடைசி மூன்று மாசம் வாங்கியதன் சராசரியை வைத்துக் கணக்குப் போடுவார்கள். முதலாளி தரப்பு இங்கே ஒன்று சொல்லும்: இது சீசன் தொழில், ஆகவே 15 நாள் கிடையாது, சீசனுக்கு 7 நாள்தான் என்று. மேல்புறத்தான் மேலே எழுதியிருக்கிறார் பாருங்கள், வெளிநாட்டு அண்டியை வைத்து வருஷம் முழுக்க ஓட்டினார்கள் என்று, அதுதான் இதற்குப் பதில். நம் ஊர் அறுவடை இல்லாத ஐப்பசி கார்த்திகையிலும் வேலை பார்த்ததற்கு ஆதாரம் இருந்தால் சீசன் வாதம் நிற்காது. சம்பளச் சீட்டு, பி.எஃப் பாஸ்புக்கில் மாசா மாசம் ஏறிய பணம், ஈ.எஸ்.ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்டிய விவரம் எல்லாம் அந்த ஆதாரம்தான்.

இன்னொரு சிக்கல், வருஷத்துக்கு 240 நாள் வேலை பார்த்திருந்தால்தான் அந்த வருஷம் கணக்கில் சேரும் என்பது. கடைசி வருஷங்களில் வேலை நாள் குறைந்து போயிருக்கும், அந்த வருஷத்தைச் சேர்க்க மாட்டேன் என்பார்கள். வேலைக்கு வரத் தயாராக இருந்தும் ஆலை வேலை கொடுக்காமல் லே-ஆஃப் செய்த நாட்களையும் வேலை நாளாகவே எடுக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், வேலைக்கு வரத் தயார், எப்போது வேலை கொடுப்பீர்கள் என்று கேட்டு அம்மாவும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி வையுங்கள். பதில் வந்தாலும் நல்லது, வராவிட்டாலும் நல்லது. வேலையை விட்டு அவர்களாகவே போய்விட்டார்கள் என்று பிறகு சொல்ல முடியாது.

பி.எஃப் பணத்துக்கு யாரும் கைவைக்க முடியாது, அது அம்மாவின் பெயரில் இருக்கிறது. ஆனால் கம்பெனி பிடித்த பணத்தை எல்லா மாசமும் கட்டியதா என்று பாஸ்புக்கை எடுத்துப் பார். 10 வருஷம் தகுதிச் சேவை இருந்தால் 58 வயசில் மாசப் பென்ஷன் உண்டு, குறைந்தது 1,000 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் உயிருள்ள வரை வரும். அவசரத்துக்கு என்று யாராவது பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துத் தருகிறேன் என்று வந்தால் சம்மதிக்காதே. எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால் பி.எஃப் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதியாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் ஏறி இரண்டு மாசம் கழித்து நாமே ஆன்லைனில் பதியலாம். ஆனால் அதற்கும் அவசரப்பட வேண்டாம், இழப்பீட்டுக் கேஸ் ஒரு நிலைக்கு வரட்டும். ஈ.எஸ்.ஐ இன்னும் முழுசாகப் போகவில்லை. ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் ஜனவரியில் இருந்து ஜூன் வரை. அம்மாவுக்கு விரல், முதுகு, மூச்சு என்று எது இருந்தாலும் ஜூனுக்குள் டிஸ்பென்சரியில் காட்டி எழுத்தில் பதிந்துகொள்ளச் சொல்.

மெஷினை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்றாயே, அதுதான் எனக்குக் கவலை. கட்டடமும் மெஷினும் இங்கே இருக்கிற வரைதான் பிடிமானம். எல்லாம் போன பிறகு தீர்ப்பு வந்து என்ன பயன்? ஆகவே நாளைத் தள்ள வேண்டாம்.

கருங்கல் மகள் எழுதியது:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. இடைக்கோட்டு அக்கா எழுதியதை அண்ணனிடம் கொடுத்தேன், முழுசும் படித்தான், ஒன்றும் பேசவில்லை. அம்மாவிடம் மொசாம்பிக் விஷயத்தைச் சொன்னேன். "அங்கேயும் தல்லும்போது கை வெந்து போகுமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

கையெழுத்து வேண்டாம் என்று பக்கத்து வீடுகளில் சொல்லியாயிற்று. ஒரு சித்தி மட்டும் போன வாரமே போட்டுப் பணத்தையும் வாங்கிவிட்டார், அவர் மகள் காலேஜ் ஃபீஸுக்காக. அவருக்கு இனி வழியே இல்லையா? அப்புறம் அம்மா பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் பி.எஃபில் வேறு மாதிரியும் இருக்கிறது. பி.எஃபில் வீட்டுப் பெயரைச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள், பிறந்த வருஷமும் இரண்டு வருஷம் தள்ளியிருக்கிறது. கடிதம் எழுத 40 பேர் வரை சம்மதித்திருக்கிறார்கள். யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற கிளார்க் எழுதியது:

சித்திக்கு வழி இருக்கிறது, கொஞ்சம் கஷ்டமான வழி. கையெழுத்துப் போட்டாலும் கிராஜுவிட்டியை எழுதிக்கொடுத்துவிட முடியாது, சட்டம் அதை ஏற்காது. ராஜினாமா செய்தவருக்கும் கிராஜுவிட்டி உண்டு. வாங்கிய 10,000 ரூபாயைக் கணக்கில் கழிக்கச் சொல்வார்கள், மிச்சத்தைக் கேட்கலாம். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது, யார் வந்து வாங்கினார்கள், எந்தத் தேதி, வேறு யார் அங்கே இருந்தார்கள் என்பதை இப்போதே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல். அவரையும் நாற்பது பேரோடு சேர்த்துக்கொள்ளுங்கள், விட்டுவிட வேண்டாம்.

பெயர் விஷயம் நம் மாவட்டத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். வீட்டுப் பெயர், அப்பா பெயர், கல்யாணத்துக்கு அப்புறம் புருஷன் பெயர் என்று ஒவ்வொரு ஆபீஸிலும் ஒவ்வொன்று பதிந்திருக்கும். பி.எஃபில் திருத்த கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படும் கட்டங்கள் உண்டு, அதனால் கம்பெனியில் ஒரு கிளார்க்காவது இருக்கும்போதே கூட்டு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவிடு. முடியாது என்றால் நாகர்கோவில் பி.எஃப் ஆபீஸில் நேரில் மனு கொடு. பிறந்த தேதிக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழ் இருந்தால் நல்லது, எத்தனையாவது வகுப்போடு நின்றிருந்தாலும் பரவாயில்லை.

கடிதம் முதலில் கம்பெனிக்கு, நகல் நாகர்கோவிலில் தொழிலாளர் துறைக்கும், தொழிற்சாலை ஆய்வாளருக்கும். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். மனுவில் மெஷின் வெளியே போவதைத் தனியாக ஒரு பாராவில் எழுது, லாரி வந்த தேதியோடு. நாற்பது பேரும் போக வேண்டும் என்று இல்லை, ஐந்தாறு பேர் போதும், மற்றவர்கள் கையெழுத்தும் கைநாட்டும் தாளில் இருக்கட்டும். ஒவ்வொருவர் பெயருக்கு நேராக சேர்ந்த வருஷம், பி.எஃப் எண், ஈ.எஸ்.ஐ எண் மூன்றும் வேண்டும். யாருக்காவது ஈ.எஸ்.ஐ எண் தெரியவில்லை என்றால் பழைய மருந்துச் சீட்டில் இருக்கும், தேடச் சொல்.